தொடர்ச்சி ஏழாம் பக்கம்

மழையப் பத்திச் சொன்னா நம்புவாவ, பேயப் பத்திச் சொன்னாக்கூட நம்புவாவ, எழுத்து ஓடுன கதையச் சொன்னா மட்டும் ஆதாரம் கேப்பாவ. அதனால ஆதாரத்த முதல்லயே கொடுத்திருதேன்: எங்க வெள்ளையங்கோட்டைக்கு வாங்க, மேல ரத வீதில கிளை நூலகம் எங்கன்னு கேளுங்க, உள்ள போய் அங்க கெடக்குற நாற்காலிய ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாருங்க. ஒண்ணுகூடச் சூடா இருக்காது.

அது ஆரம்பிச்சது ஒரு செவ்வாக்கெழம. அன்னைக்கும் வழக்கம்போல லைப்ரரி மேடம் செண்பகவல்லி வந்து பூட்டத் தொறந்தாவ, வழக்கம்போல அவங்களுக்கு முந்தியே வாசல்ல காத்துக்கெடந்த பெருசுங்கல்லாம் டவுன் பஸ்ஸுக்குள்ள பாயுற மாதிரி பாஞ்சு ஆளுக்கொரு நாற்காலில துண்டு போட்டு எடம் புடிச்சாவ, வழக்கம்போல லைப்ரரிக்கு வார ஒத்தப் பேப்பர உருவித் தாள் தாளாப் பிரிச்சு, பந்தியில எலை போடுற மாதிரி வரிசையாக் கொடுத்துக்கிட்டாவ. எங்க லைப்ரரில பேப்பரு அப்படித்தான். முழுப் பேப்பர ஒருத்தரே வெச்சுப் படிச்சாருன்னா அன்னையோட அவருக்கு யாரும் வணக்கம் வைக்க மாட்டாவ. மொதத் தாளு ஒருத்தர்ட்ட, நடுத்தாளு ஒருத்தர்ட்ட, வெளையாட்டுத் தாளு வெளையாட்டே தெரியாத ஒருத்தர்ட்ட. ஒரு கொலையச் சுவாரசியமாப் படிச்சிட்டு வரும்போது அடியில 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்'னு வந்துட்டா, ஏழாம் பக்கம் யார்ட்ட இருக்கோ அவரு படிச்சு முடிச்சு, மடிச்சு, கண்ணாடியத் தொடைக்கிற வரைக்கும் வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு இருக்கணும். வெட்டுனவன் யாருன்னு தெரியாமலே மத்தியானச் சோத்துக்குப் போனவங்க எங்க ஊருல உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, பாலிடெக்னிக்கப் பாதில விட்டவனுக்கு, அப்பா கண்ணுல படாம போனுக்குச் சார்ஜ் போட ஊருல வேற எடம் இல்ல.

அன்னைக்கு மொதத் தாளு கண்டக்டர் வேதமுத்து பெரியப்பாட்ட இருந்துது. அவரு சர்வீஸ் முழுக்க ஆலடிக்குளம் டவுன் பஸ்ல நின்னவரு. ரிட்டயர்மென்ட் அன்னைக்கு மாலையப் போட்டு, சால்வையப் போத்தி, அதே பஸ்ல கொண்டுவந்து வீட்டு முன்னால எறக்கிவிட்டப்ப, "இத்தன வருஷம் ஊருக்காக நின்னாச்சு. இனி வேதமுத்து நிக்கவும் மாட்டான், நடக்கவும் மாட்டான்"ன்னு சொல்லிட்டு உக்காந்தவரு, உக்காந்தவருதான். லைப்ரரிக்கும் அவரு வீட்டுக்கும் நடுவுல ஒரு மாவு மில்லு, ஒரு சலூன், அவ்வளவுதான் தூரம். அதுக்கும் ஷேர் ஆட்டோ. சுகரு வேற. எடது காலு மரத்துப்போயி, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது, பின்னால வாரவங்கதான் எடுத்துக் கொடுக்கணும். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாவ: "கால்ல ரத்தம் ஓடுறது கொறஞ்சிக்கிட்டே வருது. நல்ல செருப்பாப் போட்டு தெனமும் நடங்க. இல்லன்னா ஒரு நாள் புண்ணு வரும், வந்தா ஆறாது, அப்புறம் காலையே எடுக்க வேண்டியிருக்கும்." பெரியப்பா அதுக்கு, "எடுத்துட்டா நடக்கச் சொல்ல மாட்டியள்லா"ன்னு கேட்டாராம்.

அந்த வேதமுத்து பெரியப்பாதான் மொத ஆளாத் தலையத் தூக்கி, "மேடம், பேப்பர்ல எறும்பு"ன்னாரு.

மேடம் வந்து பாத்தாவ. எறும்பு இல்ல. மேடத்துக்கும் எனக்கும் அங்க எழுத்து ஒழுங்கா வரிசையில நின்னுது, பெரியப்பா கண்ணுக்குத்தான் ஓடிட்டு இருந்துது. அவரு சொல்லச் சொல்ல எல்லாருக்கும் புரிஞ்சுது: தலைப்புல இருந்த பெரிய எழுத்தெல்லாம் கோயில் யானை மாதிரி ஆடி ஆடி ஓரத்துக்குப் போகுது, பொடி எழுத்தெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி அதுக்கு முன்னால ஓடுது, புள்ளியெல்லாம் கடுகு மாதிரி உருண்டு மடியில விழுகுது, கடைசில வெறுந்தாளு. இவரு சொல்லி முடிக்கதுக்குள்ள பக்கத்து நாற்காலில அதே கத, எதுத்த நாற்காலில அதே கத. அறுவது தாண்டுன அத்தன பேரு தாளும் காலி.

அப்பத்தான் இப்ராகிம் டெய்லரு, பெரியப்பாவோட கூட்டாளி, வெளிச்சத்துல பாப்போம்னு எந்திரிச்சு ஜன்னலப் பாத்து நடந்தாரு. அவரு ரெண்டு எட்டு வைக்கவும் போன எழுத்தெல்லாம் அவசரமா ஓடிவந்து, அவங்கவங்க எடத்துல நின்னு, மூச்சு வாங்கிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி முகத்த வெச்சுக்கிட்டுது. ஜன்னல்கிட்டப் போயி நின்னாரு, மறுபடியும் ஓட்டம். நடந்தாரு, நின்னுது. நின்னாரு, ஓடுச்சு.

"ஓஹோ," இப்ராகிம் டெய்லரு கண்ணாடிய மூக்குல ஏத்திக்கிட்டுச் சொன்னாரு, "எழுத்து, நான், ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நடக்கணும் போல."

ஏன், எதுக்குன்னு யாரும் ரொம்ப மெனக்கெடல. மேடம் மட்டும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாவ, அவங்க ஒரு டப்பா பூச்சி மருந்து அனுப்பிவெச்சாவ, மேடம் அத அலமாரி மேல வெச்சுட்டு நடக்க எடம் பத்தாதுன்னு மேசைய எல்லாம் நடுவுல சேத்துப் போட்டுட்டாவ. அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து பெருசுங்க வழக்கம்போல வந்தாவ, வழக்கம்போல நாற்காலில துண்டு போட்டு எடம் புடிச்சாவ, புடிச்ச எடத்த விட்டுட்டு மேசையச் சுத்தி நடந்துக்கிட்டே பேப்பர் படிச்சாவ. உக்காரவே போறதில்லன்னாலும் தன் நாற்காலில அடுத்தவன் துண்டு கெடந்தா சண்டைதான்.

ஊரு இத எப்படி ஏத்துக்கிட்டுதுன்னு கேட்டா, புது மருமகள ஏத்துக்கிட்ட மாதிரி: மொத வாரம் கொற சொன்னாவ, ரெண்டாவது வாரம் வேல வாங்க ஆரம்பிச்சிட்டாவ. இப்ராகிம் டெய்லரு பழைய பேண்ட்டு துணியில புத்தகத்துக்கு ஒரு தொட்டில் தைச்சு, கழுத்துல மாட்டிக்கிட்டு ரெண்டு கையும் வீசி நடக்கிற மாதிரி பண்ணிக் கொடுத்தாரு. புத்தகத்துல எத்தன பக்கம்னு கேக்குறத விட்டுட்டு எவ்வளவு தூரம்னு கேக்க ஆரம்பிச்சாவ. "இந்த நாவல் எப்படி?" "சந்தைக்குப் போய்ட்டு வார தூரம், நடுவுல ஒரு சாவு." கவிதப் புத்தகம் எடுத்தவங்க வாசல் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிட்டுதுன்னு ஏமாந்து திரும்பி வந்தாவ. வெள்ளிக்கெழம லைப்ரரி லீவு, அன்னைக்கு ஊருல இருக்க ரோடெல்லாம் பெருசுங்களும் புத்தகமும்தான். பால்காரரு பெல் அடிச்சு அடிச்சுக் கை வலிக்குன்னாரு. டாக்டரம்மா சீட்டுல மாத்திரைக்குக் கீழ, 'காலை ஒரு சிறுகதை, மாலை ஒரு சிறுகதை, சாப்பாட்டுக்கு முன்'னு எழுத ஆரம்பிச்சாவ. பிரஷர் உள்ளவங்களுக்குத் துப்பறியும் கதை வேண்டாம், மேட்டுல ஏறும்போது யாரும் ராஜா காலத்து யுத்தம் படிக்கக் கூடாது, முட்டி வலி உள்ளவங்க வசனம் நெறய இருக்கதா எடுத்துக்கிட்டா மெதுவாப் போகலாம்.

எழுத்துக்கும் நியாயம் தெரிஞ்சிருந்துது. படுக்கையில கெடந்த சோமு ஆசாரி கைய மட்டும் ஏத்தி எறக்குனாரு, அவருக்கு அது போதும்னு நின்னுது. ஊன்றுகோல் வெச்சிருந்தவங்களுக்குக் கோல் நடந்தாலே நின்னுது. ஆனா முடிஞ்சும் நடக்காத ஆளுட்ட மட்டும் அதுக்கு ஈவிரக்கமே கெடையாது.

பொம்பளைங்க லைப்ரரிக்குள்ள வந்ததும் இதுக்கப்புறந்தான். அதுக்கு முந்தி அது ஆம்பளைங்க உக்காந்து கொட்டாவி விடுற எடம். எங்க ஊருல ஒரு பொம்பள சும்மா ரோட்டுல நடந்தா, எங்க போறிய, யார் வீட்டுக்கு, என்ன விசேஷம்னு நூறு கேள்வி. கையில புத்தகத்தோட நடந்தா ஒருத்தரும் கேக்கல, படிக்காவன்னு விட்டுட்டாவ. அப்படி வந்தவங்கள்ல முன்னால நின்னது, நின்னதுன்னா நடந்தது, தங்கபுஷ்பம் பெரியம்மை. கடலமிட்டாய்க் கம்பெனில பாகு கிண்டிக் கிண்டித் தோளெல்லாம் இரும்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாவ, நடையோ எக்ஸ்பிரஸ். ஒரு பக்கத்த முடிக்கதுக்குள்ள மத்தவங்க ஒரு புத்தகத்துக்கு நடக்குற தூரத்த நடந்திருவாவ. அதனால ஊருலயே கொஞ்சமாப் படிச்சு நெறய மெலிஞ்சது அவங்கதான்.

நடக்காதது வேதமுத்து பெரியப்பா மட்டும்.

அவரு பண்ணாத வேல இல்ல. ஜெராக்ஸ் கடையில இருந்து சக்கர நாற்காலி எரவல் வாங்கி, அதுல உக்காந்து இன்னொருத்தரத் தள்ளச் சொன்னாரு. எழுத்தெல்லாம் தாள விட்டு எறங்கித் தள்ளுனவரு சட்டைல ஏறிக்கிட்டுது, அன்னைக்கு முழுக்க அவரு முதுகுல தங்கம் வெல ஓடிட்டு இருந்துது. பேப்பரத் தூக்கிட்டு ஆலடிக்குளம் பஸ்ல போயி உக்காந்தாரு, எழுத்துக்குப் பஸ்ஸு ஒத்துக்கல, ஒவ்வொரு வளைவுலயும் ஒரு பக்கமாச் சரிஞ்சு கடைசில ஜன்னல் ஓரமா மொகத்த நீட்டிக்கிட்டு நின்னுது. உக்காந்த எடத்துலயே காலத் தட்டிப் பாத்தாரு. அதுக்கு ஒரு எழுத்து மட்டும் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு.

கடைசில இப்ராகிம் டெய்லருதான் மனசு எளகுனாரு. "நீரு உக்காரும் வே. நான் நடந்துக்கிட்டே சத்தமா வாசிக்கேன், நீரு கேட்டுக்கிடும்."

அதுலயும் ஒரு செரமம். டெய்லரு பக்கத்துல வரும்போது, 'நேற்று அதிகாலை மணல் ஏற்றி வந்த லாரி' வரைக்கும் கேக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் போயிட்டா பேன் சத்தம்தான் கேக்கும். திரும்பி வரும்போது, 'பொன்னாடை போர்த்தி வரவேற்றனர்.'

"லாரிக்கு எதுக்குவே பொன்னாட?"

"அது வேற செய்தி. நீரு தூங்கிட்டீரு."

"தூங்கல. ஒம்ம சத்தம் வரல. சுத்திச் சுத்தி வாரீரே, நான் என்ன கொடிமரமா?"

கூட்டம் சேரச் சேர லைப்ரரிக்குள்ள தள்ளுமுள்ளு ஆயிப் போச்சு. கோயிலுக்குப் போற பழக்கத்துல பாதிப்பேரு வலமாச் சுத்துனாவ, பேன் காத்து மொகத்துல அடிக்கணும்னு தங்கபுஷ்பம் பெரியம்மை எடமாச் சுத்துனாவ, அவங்க பின்னால ஒரு படையே சுத்துச்சு. ஒரு நாள் காலைல டெய்லரும் பெரியம்மையும் நேருக்கு நேர் மோதி, ரெண்டு பேரு கண்ணாடியும் தெறிச்சு, அவரு கண்ணாடிய அவங்களும் அவங்க கண்ணாடிய அவரும் மாட்டிக்கிட்டு, "எழுத்தெல்லாம் வீங்கிட்டு"ன்னு கூப்பாடு.

அப்ப நாற்காலில இருந்து ஒரு விசில் சத்தம். பெரியப்பா சட்டப் பையில பழைய விசில் எப்பவும் கெடக்கும்.

"ஹோல்டான். இது இனிமே ரவுண்டானா. எல்லாரும் ஒரே பக்கம். அவசரமாப் படிக்கிறவங்க வெளிப்பக்கம், மெதுவாப் படிக்கிறவங்க உள்பக்கம். வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு. ரைட்."

அம்புட்டுப் பேரும் கேட்டாவ. பழகுன கொரலு. அன்னையில இருந்து அவரு உக்காந்த எடத்துலயே விசில் ஊதுனாரு, லைப்ரரி கெளம்புச்சு, விசில் ஊதுனாரு, புதுசா வந்தவங்களுக்கு எடம் விட்டுச்சு. ஒவ்வொரு தடவ கடக்கும்போதும் தங்கபுஷ்பம் பெரியம்மை ஒரு வார்த்த விட்டுட்டுத்தான் போவாவ.

"ஏன் அண்ணாச்சி, வண்டி போகுது, கண்டக்டர் மட்டும் ஸ்டாண்டுலயே இருக்கீரு."

"எனக்குப் பாஸ் இருக்கு தாயி. நீ போ."

இப்படிச் சிரிச்சிட்டு இருக்கும்போதுதான் ஒரு நாள் டாக்டரம்மா லைப்ரரிக்கே வந்தாவ. ஆஸ்பத்திரில கூட்டம் கொறைஞ்சிட்டுதாம், மருந்து வேல செய்யுதா புத்தகம் வேல செய்யுதான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தாவளாம். எல்லாரையும் பாத்து முடிச்சுட்டு, பெரியப்பா முன்னால குத்தவெச்சு, அவரு எடது காலத் தூக்கி மடியில வெச்சு, சேலைல குத்தியிருந்த ஊக்க எடுத்தாவ.

"கண்ண மூடிக்கிடுங்க. குத்தும்போது சொல்லுங்க."

"சரி."

கொஞ்ச நேரம் போச்சு.

"குத்துங்க டாக்டரம்மா, எம்புட்டு நேரம் மூடிக்கிட்டே இருக்க?"

டாக்டரம்மா ஊக்கத் தொடைச்சுத் திரும்பச் சேலைல குத்திக்கிட்டாவ. "பல தடவ குத்திட்டேன் அண்ணாச்சி,"ன்னாவ மெதுவா. "இன்னும் கொஞ்சம் நாள்தான். இந்த மழக்காலத்துக்குள்ள நடக்க ஆரம்பிக்கலன்னா அப்புறம் என் கையில இல்ல."

லைப்ரரியே அப்படியே நின்னுட்டு. நின்ன ஒடனே எல்லாரு கையிலயும் எழுத்து ஓட ஆரம்பிச்சிட்டு. கவலைப்படக்கூட நின்னு கவலைப்பட வழியில்ல, நடந்துக்கிட்டேதான் கவலைப்பட்டாவ.

டாக்டரம்மா போனப்புறம் இப்ராகிம் டெய்லரு பேப்பர மடிச்சு வெச்சுட்டு, ஆனா நடைய விடாம, கேட்டாரு: "ஏன்வே இந்தப் புடிவாதம்?"

பெரியப்பா விசிலத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, யாரையும் பாக்காம, மேசையப் பாத்துப் பேச ஆரம்பிச்சாரு. அவரு பேசப் பேச எல்லாரும் சுத்தி வந்துக்கிட்டே இருந்ததால ஒருத்தருக்கும் முழுசாக் கேக்கல. டெய்லருக்குக் கேட்டது: அவரு சம்சாரம் ஞானசவுந்தரி அப்பப்ப கடைசி டிரிப்புல ஏறுவாவளாம், ஆலடிக்குளத்துல பஸ்ஸு நிக்குமாம், டிரைவரு டீக்குடிக்கப் போவாராம். அடுத்து வந்த ரிட்டயர்டு வாத்தியாருக்குக் கேட்டது: 'வாங்க, வண்டி எடுக்கிற வரைக்கும் குளத்தங்கரையில கொஞ்சம் நடந்துட்டு வருவோம்'னு அந்தம்மா கேப்பாவளாம். தங்கபுஷ்பம் பெரியம்மைக்குக் கேட்டது: 'நாள் பூரா நின்ன காலு, வலிக்கு, ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் தெனமும் நடப்போம்'னு இவரு சொல்வாராம். அதுக்கடுத்து வந்தவங்களுக்கு ஒண்ணும் கேக்கல, ஏன்னா அந்த எடத்துல அவரு ஒண்ணும் பேசல.

வெளிய டீக்கடையில எல்லாரும் அவங்கவங்க தாள எடுத்துப் போட்டு ஒட்டிப் பாத்தப்பத்தான் முழுசும் தெரிஞ்சுது. பேசாத எடத்துல என்ன இருந்துச்சுன்னு வாத்தியாருதான் ஞாபகப்படுத்திச் சொன்னாரு: அவரு ரிட்டயர் ஆகுறதுக்கு முந்துன பங்குனில அந்தம்மா போயிட்டாவ. கூப்பிட்டவளோட நடக்காத காலு, இனி யாரோட நடக்கன்னு அவரு உக்காந்துட்டாரு. நாங்க இத்தன நாளு அதச் சோம்பேறித்தனம்னு நெனச்சு எத்தன கிண்டல் பண்ணிட்டோம். தங்கபுஷ்பம் பெரியம்மை டீய முழுசாக் குடிக்காம கிளாஸ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ.

மறுநாளு ஒரு வார்த்த விடாமத்தான் கடந்தாவ. அடுத்த நாளும் அப்படித்தான். பெரியப்பாவுக்கு அது கிண்டலவிடக் கஷ்டமா இருந்துது போல, "என்ன தாயி, இன்னைக்கு ஒண்ணும் சொல்லல"ன்னு அவரே கேட்டாரு.

மழ வர்றதுக்கு முந்துன வாரம், டெய்லரு மொதத் தாள வாசிச்சிட்டு வந்தாரு. தங்கம் ஏறுச்சு, வெங்காயம் எறங்குச்சு, எல்லாம் முடிஞ்சு கடைசியா ஓரத்துல ஒரு செய்தி.

"'வெள்ளையங்கோட்டை ஆலடிக்குளம் இடையே பல ஆண்டுகளாக ஓடிவரும் நகரப் பேருந்தின் கடைசி நடையை'," அந்தப் பக்கம் போயிட்டாரு.

"கடைசி நடைய?" பெரியப்பா நாற்காலில நிமுந்தாரு. கடைசி நடைன்னா ராத்திரிக்கு முந்துன கடைசி டிரிப்பு. அந்தம்மா ஏறுற டிரிப்பு.

டெய்லரு சுத்தி வந்தாரு. "'கடைசி நடையை, போதிய பயணிகள் இல்லாத காரணத்தால்', அவ்வளவுதான் வே. தொடர்ச்சி ஏழாம் பக்கம்."

"ஏழாம் பக்கம் யார்ட்ட?"

ஏழாம் பக்கம் தங்கபுஷ்பம் பெரியம்மைட்ட இருந்துது. அவங்க அந்த மூலையில திரும்பிட்டு இருந்தாவ.

"ஏ தங்கபுஷ்பம், அந்த டவுன் பஸ் செய்தியக் கொஞ்சம் வாசி தாயி."

"நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவ அண்ணாச்சி. மேல இருந்து ஒவ்வொண்ணா வந்தாத்தான் எனக்கு ஓடும். இப்பத்தான் கிணத்துல விழுந்த மாட்டுல இருக்கேன்."

"அப்ப இங்க கொண்டா. நான் பாத்துட்டுத் தாரேன்."

"நின்னா எழுத்து ஓடிரும்லா. ஒமக்கு வேணும்னா வந்து வாங்கிக்கிடும்." சொல்லிட்டு அவங்க நடையக் கூட்டிட்டாவ.

பெரியப்பா நாற்காலிக் கைப்புடிய ரெண்டு கையாலயும் புடிச்சாரு. விசில் மடியில இருந்து உருண்டு கீழ விழுந்துது, அவரு எடுக்கல. எந்திரிச்சாரு. ஒரு எட்டு வெச்சாரு, லைப்ரரியே சாய்ஞ்ச மாதிரி ஒரு ஆட்டம் ஆடுனாரு. டெய்லரு புடிக்க ஓடுனாரு. "விடும்வே"ன்னாரு பெரியப்பா. அப்புறம் அந்தக் காலு ரெண்டுக்கும் பழசெல்லாம் ஞாபகம் வந்துட்டு. காலக் கொஞ்சம் அகட்டி, ஒரு தோளச் சாய்ச்சு, எதையும் புடிக்காம, யாரையும் இடிக்காம, பண்டிக நாள் கூட்டத்துல டிக்கெட் போடப் போற மாதிரி அந்தக் கூட்டத்துக்குள்ள உடம்பச் செருவி, "வழி, வழி, கொஞ்சம் வழி"ன்னு போனாரு பாருங்க, நாங்கெல்லாம் தானா ஒதுங்கிட்டோம்.

மூலையில எட்டிப் புடிச்சிட்டாரு. ஆனா பெரியம்மை தாள விடல. இந்தப் பக்கத்த அவங்க புடிச்சிருக்காவ, அந்தப் பக்கத்த அவரு புடிச்சிருக்காரு, ரெண்டு பேரும் நடக்காவ, ஏழாம் பக்கம் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆடுது.

"நான் வாசிக்கேன், கொடு."

"என் தாளு. நான்தான் வாசிப்பேன். 'க... டை... சி... ந... டை... யை... நி... று... த்...'"

"நிறுத்தவா?"

"இரும் அண்ணாச்சி. ஒரு பெரிய எழுத்து வழிய மறிச்சுக்கிட்டு நிக்கு."

அந்த ஒரு செய்தி முடியுறதுக்குள்ள அவங்க எத்தன சுத்துச் சுத்துனாவன்னு யாரும் எண்ணல, எண்ணுறதுக்கு யாருக்கும் மனசு அங்க இல்ல. கடைசில செய்தி இதுதான்: நிறுத்தப்போறதாச் சொன்னாவளாம், ஆனா இப்ப புத்தகத்தோட அந்தப் பக்கம் நடக்கப் போற பெருசுங்க கூட்டம் கூடிட்டதால நிறுத்தலையாம். கடைசி டிரிப்ப இன்னும் ஒரு ஸ்டாப் தள்ளி, குளத்தங்கரை வரைக்கும் விடப் போறாவளாம்.

பெரியப்பா தாள விட்டாரு. விட்டுட்டும் நடந்துக்கிட்டே இருந்தாரு.

"உக்காரும் வே, மூச்சு வாங்குது," டெய்லரு சொன்னாரு.

"அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்கிடுதேன்,"ன்னுட்டு இன்னொரு சுத்துக்குப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் ஷேர் ஆட்டோக்காரருக்கு ஒரு கிராக்கி போச்சு. வேதமுத்து பெரியப்பா நடந்தே வந்தாரு, நடந்தே விசில் ஊதுனாரு, டாக்டரம்மா சொன்ன மெத்துச் செருப்பப் போட்டுக்கிட்டு லைப்ரரி முழுக்க நடந்து, யாராவது அசந்து நின்னா, "ஏறுனவங்க எல்லாம் டிக்கெட் எடுத்தாச்சா"ன்னு முதுகுல தட்டுனாரு. மழ வந்துது, நின்னுது. வழித்தடம் நீட்டுன அன்னைக்கு ஊரே அந்தக் கடைசி டிரிப்புல ஏறுச்சு. குளத்தங்கரையில எறங்குனதும் எல்லாரும் புத்தகத்த எடுத்து விரிச்சாவ, அவரு மட்டும் ஒண்ணும் எடுக்கல. செருப்ப மாட்டிக்கிட்டு முன்னால தனியா நடந்தாரு. நாங்க வேணும்னே பின்தங்குனோம். அவரு ஓரமா நடந்தாரு, பக்கத்துல ஒரு ஆளு நடக்க எடம் விட்டு. அந்தப் பக்கமாத் திரும்பித் திரும்பி என்னமோ சொல்லிட்டே போனாரு. சத்தம் எங்களுக்கு வரல. அந்தத் தாள நாங்க கேக்கவும் இல்ல.

திரும்பி வரும்போது பாலத்துச் சுவர்ல உக்காந்து செருப்பக் கழட்டித் தட்டுனவரு, திடீர்னு "ஸ்"னு காலத் தூக்குனாரு.

"என்னவே?" டெய்லரு பதறிட்டாரு.

பெரியப்பா எடது காலு பெருவெரலயே பாத்துட்டு இருந்தாரு. அதுல ஒரு கட்டெறும்பு. "கடிச்சிட்டு,"ன்னாரு. பக்கத்துல நின்னவங்களையெல்லாம் பாத்து, யாருக்காச்சும் தெரியாமப் போயிறுமோன்னு பயந்த மாதிரி, இன்னொரு தடவ சொன்னாரு. "நல்லா சுருக்குன்னு கடிச்சிட்டுவே." தங்கபுஷ்பம் பெரியம்மை கொட்டாங்கச்சில கொஞ்சம் கடலமிட்டாய உடைச்சுப் போட்டு அந்த எறும்புக்கு முன்னால வெச்சுட்டு வந்தாவ.

இதோட முடிஞ்சிருந்தா நான் இம்புட்டு நீட்டியிருக்க மாட்டேன். தை மாசம் பெரியம்மையோட சம்பந்தி வெளியூர்ல இருந்து வந்திருந்தாரு. அறுவதத் தாண்டுனவரு, வெள்ளவேட்டி, விபூதி. பொழுது போகாம லைப்ரரிக்கு வந்தவரு, காலியாக் கெடந்த நாற்காலிகளப் பாத்து ஆச்சரியப்பட்டு, ஒரு துண்ட மரியாதையா எடுத்து ஓரமா வெச்சுட்டு, மொதத் தாளக் கேட்டு வாங்கி, உக்காந்துட்டாரு.

சுத்திட்டு இருந்தவங்களுக்கெல்லாம் திக்குன்னுச்சு. ஆனா சம்பந்தியப் போயி எந்திரிங்கன்னு யாரு சொல்றது. எழுத்து ஓடட்டும், அவரே எந்திரிப்பாருன்னு எல்லாரும் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே சுத்துனோம். அவரு தலைப்பப் படிச்சாரு. கீழப் படிச்சாரு. "அட, வெங்காயம் எறங்கிட்டே"ன்னாரு. எழுத்து ஒண்ணு அசையல.

இப்ராகிம் டெய்லரு மெதுவாத் தன் நடையக் கொறைச்சுப் பாத்தாரு. நின்னும் பாத்தாரு. அவரு தாள்லயும் எழுத்து நின்ன எடத்துல நின்னுது. எப்ப இருந்து ஓட்டத்த விட்டுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல, தெரிஞ்சிருக்கவும் வழியில்ல, ஏன்னா உக்காந்து பாத்தவங்க யாரும் இல்ல. ஒவ்வொருத்தரா நின்னாவ. லைப்ரரில பேன் சத்தம் மட்டுந்தான். ஒருத்தரு கொட்டாவி விட்டாரு, ரொம்ப நாளைக்கப்புறம். ரெண்டு மூணு பேரு துண்டத் தேடிப் போயி அவங்கவங்க நாற்காலில உக்காந்தாவ. உக்காந்ததும் அந்த மரநாற்காலியெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரி முறுமுறுன்னு சத்தம் போட்டுது.

வேதமுத்து பெரியப்பா தன் நாற்காலிகிட்டப் போனாரு. கைப்புடியத் தடவிப் பாத்தாரு. எல்லாரும் அவரையே பாத்தோம். டாக்டரம்மா சொன்னது ஊருக்கே தெரியும்: நடக்கிறத விட்டா அந்தக் காலு பழையபடி மரத்துப் போயிரும். சம்பந்தி படிச்சு முடிச்ச மொதத் தாள நீட்டுனாரு. பெரியப்பா வாங்குனாரு. துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு. உக்காந்தாரு.

தங்கபுஷ்பம் பெரியம்மை மட்டுந்தான் இன்னும் நடந்துட்டு இருந்தாவ. அவங்க நிக்கவும் இல்ல, திரும்பிப் பாக்கவும் இல்ல, ஒரு வார்த்த விடவும் இல்ல.

பெரியப்பா படிச்சாரு. எழுத்து அசையாம நின்னு கொடுத்துது. சாய்ஞ்சு உக்காந்தாரு, காலு மேல காலு போட்டாரு, ரொம்ப சொகமா இருந்துது போல, மூஞ்சி அப்படியே பழைய வேதமுத்து மூஞ்சி ஆயிட்டு வந்துது. அவரு ஒரு செய்தியில புருவத்தத் தூக்குனாரு. கொஞ்சம் கீழப் போனாரு. காலு மேல இருந்த கால எறக்குனாரு. இன்னும் கீழப் போனாரு, தாள மூக்குக்கிட்டக் கொண்டு போனாரு, தாளத் திருப்பிப் பாத்தாரு, திரும்பவும் திருப்புனாரு.

"ச்சே,"ன்னாரு.

"என்னவே?"

"சந்தைக்குள்ள ஒரு குதிர புகுந்துட்டாம், அது யாருடையதுன்னு போடாம விட்டுட்டான். தொடர்ச்சி ஏழாம் பக்கம்." தலையத் தூக்கிப் பாத்தாரு. "ஏழாம் பக்கம் யார்ட்ட?"

மேசைக்கு அந்தப் பக்கம், கடைசி மூலையில, ஏழாம் பக்கத்த நெஞ்சுக்கு நேரா விரிச்சுப் புடிச்சிக்கிட்டு, பெரியம்மை எழுத்துக் கூட்டிட்டே திரும்பிட்டு இருந்தாவ.

பெரியப்பா சட்டப் பையில கைய விட்டு விசில எடுத்து வாயில வெச்சாரு, ரெண்டு கையாலயும் நாற்காலிக் கைப்புடியப் புடிச்சாரு.